நனைந்த இடம்

மூன்று நாளாக ஒரு சத்தம்.
கோயில் வளைவில் முழுசாக ஒடிக்கும்போது
பால் கேட்கும் கன்றுக்குட்டி மாதிரி முனகுகிறது வேன்.
பின் சீட்டுப் பிள்ளைகள் அதையே திருப்பி முனகிக் காட்டிச்
சிரிக்கிறார்கள்.
பதினாலு பேர், லிந்துலையிலிருந்து தலவாக்கலைக்கு.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஸ்டியரிங் கனத்துவிட்டது
என் தோள்பட்டைக்குத்தான் தெரியும்.

பிஸ்கட் பெட்டியைப் பிரித்து
இரவு வண்டிக்கு அடியில் விரித்தேன்.
விடிந்தால் அட்டையில் மூன்று பொட்டு.
கறுப்பென்றால் எஞ்சின் ஒயில்,
பச்சையென்றால் ரேடியேட்டர்.
இது சிவப்பு.

டோஹாவிலிருந்து யோகேஸின் குரல்:
"ரேக் போயிருக்கும். ரேக்கையே மாத்து. காசு அனுப்புறேன்."
அந்த வெயிலில் நின்றுகொண்டு
இங்கே மூடுபனிக்குள் நிற்கிற வண்டிக்கு
நோய் சொல்கிறார்.
கராஜ் பாசும் குனிந்து பார்த்து அதையேதான் சொன்னார்.
பொய்யில்லை, ரேக் நனைந்துதான் இருந்தது,
ரப்பர் உறை முழுக்கச் சிவப்பு.

ஆனால்
ஓட்டை ஓரிடம், சொட்டு வேறிடம்.
லயத்தில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.
எங்கள் கூரையின் ஆணி ஓட்டை அடுப்புக்கு நேர் மேலே;
தண்ணீர் மரச்சட்டம் வழியாக நடந்துபோய்
கட்டிலில்தான் விழும்.

ஞாயிற்றுக்கிழமை டயருக்குக் கல் முட்டுக் கொடுத்தேன்.
மண்ணெண்ணெய், ஒரு பழைய சாரம்
(அவருடையதுதான்)
பம்ப், ஹோஸ், ரேக் எல்லாம் துடைத்துக்
காயவிட்டு,
மேலே பேபி பவுடரைக் கொட்டினேன்.
குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி மணத்தது எஞ்சின்.

ஏ.எல். எழுதிவிட்டுச் சும்மா திரியும் டிலுக்‌ஷனை ஏற்றி
"நான் சொன்னா இடப்பக்கம் முழுசா ஒடி,
ரெண்டு எண்ணு, விட்டுரு."
"அப்படியே ஒரு ரவுண்டு போகவா அக்கா?"
"கொன்னுருவேன்."

முதல் தடவை ஒன்றுமில்லை.
இரண்டாவது தடவை,
பம்பிலிருந்து ஹோஸ் கிளம்புகிற இடத்தில்
இரும்பு வளையம் ரப்பரைக் கடித்துப் பிடித்திருக்குமே, அங்கே,
வெள்ளைக்கு நடுவில் ஒரு சிவப்பு நூல்.
ஒடித்தால் வந்தது. விட்டால் நின்றது.
ஓடும்போது காற்று அதைப் பின்னால் அள்ளி
ரேக்கில் பூசியிருக்கிறது.
பாவம் ரேக்.

ஹோஸை மட்டும் கழற்றித்
தினசரியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு
ஹட்டன் பஸ் ஏறினேன்.
பக்கத்து சீட்டுக்காரர்
அது அசையுமா என்று பார்த்தபடியே வந்தார்.
ஹோஸ் அழுத்தும் கடையில் நௌபர் கேட்டார்
"யாரு கழட்டினது?"
"நான்தான்."
என் நகங்களைப் பார்த்தார். பேசவில்லை.
புதியதை அளந்து வெட்டி அழுத்திக் கொடுத்தார்,
செப்பு வாசர் இரண்டைக் கணக்கில் சேர்க்காமல்.

மாட்டி முறுக்கி, ஒயில் ஊற்றி,
முன்சக்கரங்களை ஜாக்கில் தூக்கி,
எஞ்சின் போடாமலே
இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும்
இருபது தடவை திருப்பினேன்.
டப்பாவுக்குள் இழுத்து ஆற்றிய தேத்தண்ணி போல நுரை.
உள்ளே போன காற்று
தானாகத்தான் மேலே வரவேண்டும்.
காத்திருந்தேன். கொழுந்து லொறி ஒன்று போனது.
மழை தூறி நின்றது.
நுரை அடங்கிச்
சிவப்பு தெளிந்த பிறகுதான் சாவியைத் திருப்பினேன்.

திங்கள், கோயில் வளைவு.
ஒற்றைக் கையில் ஒடிந்து வந்தது வண்டி.
"அன்ட்டி, சத்தம் எங்க?" என்றாள் பின் சீட்டு ஹம்சினி,
யாரோ அவள் பொம்மையை எடுத்துவிட்ட குரலில்.

காய்ந்த அட்டையைப் படம் பிடித்து
விடியற்காலையிலேயே டோஹாவுக்கு அனுப்பியிருந்தேன்.
இப்போது போன் அதிர்ந்தது.
பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் பார்த்தேன்:
"நான் சொன்னேன்ல. ரேக் எவ்வளவு ஆச்சு?"

திரும்பிப் போக
இன்னும் பதினேழு வளைவு இருந்தது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.